லயத்துப் பூனைகள் பெருகிக்கொண்டே போகின்றன: என்ன செய்யலாம்?

தம்பி, பூனைகளைச் சாக்கில் கட்டி மலைக்கு அந்தப் பக்கம் காட்டில் விட்டுவிடலாம் என்று உங்கள் தோட்டத் தலைவர் சொன்ன யோசனையை முதலில் நிறுத்திவையுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

நீங்கள் எழுதியது சுருக்கமாக இது. தலவாக்கலைப் பக்கம் உங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைச் சுற்றியும், தொழிலாளர் வீட்டு வரிசைகளான இரண்டு லயங்களுக்குப் பின்னாலும் இருபது பூனைகள் வரை திரிகின்றன. இரண்டு மூன்று பேர் சோறு வைக்கிறார்கள். மற்றவர்கள், மரக்கறிப் பாத்தியைக் கிளறுகிறது, ராத்திரியில் கத்திச் சண்டை பிடிக்கிறது, கானில் குட்டிகள் செத்துக் கிடக்கின்றன என்று கோபப்படுகிறார்கள். யாரோ மீனில் மருந்து கலந்து வைத்ததில் சில செத்தும் போயின. பாவமும் சேராமல், பெருகவும் விடாமல் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். நான் மிருக வைத்தியர்களோடு சேர்ந்து, கருத்தடைக்குப் பூனை பிடித்துக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறவள். பிடிப்பது, வைத்துப் பார்ப்பது, திரும்ப விடுவது பற்றி விரிவாகச் சொல்வேன். மருந்து, அளவு எல்லாம் வைத்தியர் வாயால் கேளுங்கள்.

காட்டில் விட்டால் பூனை எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். லயத்துச் சோற்றிலும் மடுவத்து எலியிலும் வளர்ந்த பூனைக்குப் புது இடத்தில் எங்கே ஒதுங்குவது என்றே தெரியாது. சில பட்டினியில் சாகும், சில சிறுத்தைக்கு இரையாகும், சில வந்த வழியே திரும்பி நடக்கும். பிழைத்துக்கொள்கிறவை காட்டுக்கு என்ன செய்யும் என்பதைப் பிறகு சொல்கிறேன். லயத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். எலி அப்படியே இருக்கிறது. கானில் கொட்டும் சோறும், தகரத்துக்குக் கீழே படுக்க இடமும் அப்படியே இருக்கின்றன. இருபதில் பத்தைக் கொண்டுபோனால் மிச்சப் பத்துக்கும் தீனி தாராளம். அவை போடும் குட்டிகளில் முன்னைவிடக் கூடுதலானவை பிழைக்கும். பக்கத்து டிவிஷனில் இடம் கிடைக்காத கடுவன்கள் (ஆண் பூனைகள்) இங்கே வந்து சேரும். ஒரு வருடத்துக்குள் பழைய எண்ணிக்கைக்கே வந்துவிடும்.

பூனையை ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழித்த இடங்களும் உலகத்தில் உண்டு. தென்னாபிரிக்காவுக்குச் சொந்தமான மரியன் தீவில் சுண்டெலி பிடிக்கவென்று 1949இல் 5 பூனைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். 1977ஆகும்போது அவை 3,000ஐத் தாண்டி, கடற்பறவைகளை லட்சக்கணக்கில் தின்றுகொண்டிருந்தன. அந்த வருடம் பூனைகளைக் கொல்லும் ஒரு வைரஸ் நோயை வேண்டுமென்றே பரப்பினார்கள். அது போதாமல் துப்பாக்கி, பொறி, நஞ்சு என்று எல்லாவற்றையும் பாவித்து 1991இல்தான் கடைசிப் பூனையைப் பிடித்தார்கள். நடுக்கடலில், வெளியிலிருந்து ஒரு பூனையும் வந்து சேர முடியாத இடத்திலேயே அத்தனை வருடம் பிடித்தது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கான் மட்டுமே இருக்கும் நம் மலையில் நஞ்சு வைத்து என்ன காண முடியும்? நஞ்சு வைத்த மீனை நாய் தின்னும், காகம் தின்னும், தவழ்கிற பிள்ளை கையில் எடுக்கும். விலங்கைக் கொடுமைப்படுத்துவது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி குற்றம் என்பதையும் தலைவரிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

இனி, பூனை ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று விளங்கிக்கொண்டால் வேலையை எங்கே தொடங்குவது என்பதும் விளங்கும். பெட்டைக்குட்டி நாலு முதல் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பார்வைக்கு அதுவே இன்னும் குட்டிதான். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி. பூனைக்குக் கடுவனோடு சேர்ந்த பிறகே முட்டை வெளிப்படுகிறது. அதனால் சேர்க்கை வீண்போவது குறைவு. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பெட்டைகள் அடங்கிக் கிடக்கும். நமக்கோ வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம், ஆகவே ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுச் சாதாரணம். இப்படிப் பிறப்பவற்றில் பெரும்பகுதி ஆறு மாதத்தைத் தாண்டுவதில்லை. நீங்கள் கானில் பார்க்கிற குட்டிகள் அந்தக் கணக்கில் போனவைதான்.

இதிலிருந்து இரண்டு விசயம் வருகிறது. ஒன்று, பெட்டைகளை முதலில் பிடிக்க வேண்டும். பத்துக் கடுவனில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும் மிஞ்சிய ஒன்று எல்லாப் பெட்டைகளுக்கும் போதும். கடுவனுக்குச் செய்தால் சண்டையும் கத்தலும் மூத்திர நாற்றமும் குறையும். அது லயத்து ஆட்களின் கோபத்தைத் தணிக்க உதவும், ஆகையால் அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் கையில் இருக்கும் காசு நாலு பூனைக்குத்தான் என்றால் நாலும் பெட்டையாக இருக்கட்டும். இரண்டாவது, ஒரே இடத்துப் பூனைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒரு கூட்டத்தில் பத்தில் குறைந்தது ஏழுக்குக் கருத்தடை செய்யப்பட்டால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும், குறைய வேண்டுமென்றால் அதற்கு மேலும் போக வேண்டும். ஐந்து தோட்டத்தில் தோட்டத்துக்கு இரண்டு என்று செய்வதால் ஒரு தோட்டத்திலும் பலன் தெரியாது. நல்ல மனம் உள்ளவர்கள் பலர் இப்படித்தான் காசைச் செலவழித்துவிட்டுச் சலித்துப்போகிறார்கள். உங்கள் இரண்டு லயத்தையும் மடுவத்தையும் முழுதாக முடித்துவிட்டு அடுத்த லயத்தை நினையுங்கள்.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. ஒரு சி.ஆர். கொப்பியும் கையில் இருக்கிற போனும் போதும். ஒவ்வொரு பூனையையும் படம் எடுத்து, நிறம், எங்கே படுக்கிறது, யார் சோறு வைக்கிறார்கள், ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். மூன்று நிறம் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டைதான். செம்பட்டை நிறத்தில் கடுவன் அதிகம். கன்னம் உப்பி முகம் அகன்று இருந்தால் வயது வந்த கடுவன். முலைக்காம்பைச் சுற்றி முடி தேய்ந்து காம்பு வெளியே தெரிந்தால் எங்கோ குட்டி இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொப்பியில் தனியாகக் குறித்துவையுங்கள்.

கணக்கெடுக்கும்போது காம்பிராவுக்குள், அதாவது லயத்து வீட்டுக்குள், வளரும் பூனைகளையும் விட்டுவிடாதீர்கள். கட்டாக்காலிப் பூனை என்று நாம் சொல்வதில் மூன்று வகை இருக்கும். யாரோ ஒருவர் வீட்டுப் பூனை, வெளியில் திரிகிறது. முன்பு வீட்டில் இருந்து கைவிடப்பட்டது, கூப்பிட்டால் கொஞ்சம் கிட்ட வரும். மனுசர் கையே படாமல் வெளியில் பிறந்து வளர்ந்தது, நம்மைக் கண்டால் ஓடும். இந்த மூன்றாவது வகைக்கு முதல் வகைதான் ஊற்று. வீட்டுப் பூனை குட்டி போட்டதும், ‘மடுவத்தில் எலி இருக்கு, அங்க பிழைச்சுக்கும்’ என்று கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த வீட்டுப் பெட்டைக்குச் செய்யாமல் வெளிப் பூனைகளுக்கு மட்டும் செய்வது ஓட்டைப் பீப்பாயில் தண்ணீர் நிரப்புகிற மாதிரி.

எங்கே செய்விப்பது? உங்கள் பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மாடு, ஆடு வேலையிலேயே அவர்களுக்கு நேரம் போய்விடும், அதனால் ஒரு பூனையோடு போகாமல் கொப்பியோடு போங்கள். “இத்தனை பெட்டை, இத்தனை கடுவன், பிடித்துக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு” என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். விசர்நோய்த் தடுப்பூசிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். நாய்க்கும் பூனைக்கும் சுகாதார அமைச்சின் வழியாக இலவசமாகப் போடுகிறார்கள். டவுனில் தனியார் மிருக வைத்தியர் இருந்தால், ஒரே நாளில் பல பூனை கொண்டுவந்தால் எவ்வளவு விலைக்கழிவு என்று தயங்காமல் கேட்கலாம். சிக்கலான கேஸ் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தோட்ட நலன்புரி அதிகாரிக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். மடுவத்தில் கூடு வைக்க அனுமதியும், கொண்டுபோக ஒரு வண்டியும் அங்கிருந்து கிடைத்தால் பாதிப் பாரம் குறையும்.

செலவு குறைவு என்று சிலர், பெண்களுக்குப் போடும் மூன்று மாதக் கருத்தடை ஊசியைப் பூனைக்குப் போடுவார்கள். வேண்டாம். அது கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கவும் முலையில் கட்டி வரவும் வழி செய்கிறது. கட்டாக்காலிப் பூனைக்கு அப்படி வந்தால் யாருக்கும் தெரியாமல் வாரக்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். ஒரு தவணை தவறினால் குட்டியும் போட்டுவிடும்.

நாள் குறிக்கும்போது மழையைப் பாருங்கள். உங்கள் பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. நனைந்த பூனைக்கு மயக்க மருந்து கொடுப்பதும், சத்திரசிகிச்சை முடிந்த பூனையை ஈரத்தில் வைத்திருப்பதும் ஆபத்து. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம், ராத்திரிக் குளிரைச் சமாளிக்க வேண்டியிருக்கும். பதுளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வருடக் கடைசியிலும் ஜனவரியிலும்தான் மழை.

பிடிப்பது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அநேகமானோர் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். எலிக்கூடு மாதிரியே, உள்ளே தட்டை மிதித்தால் கதவு விழுகிற கம்பிக்கூடு வேண்டும். நீளம் இரண்டரை அடி, அகலமும் உயரமும் ஓர் அடியளவு. டவுனில் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விக்கலாம். கம்பிவலையின் கண் சிறியதாக இருக்கட்டும். பெரிய கண்ணில் மூக்கையும் நகத்தையும் விட்டுப் பூனை காயப்படுத்திக்கொள்ளும். பாதத்துக்குக் கீழே கம்பி பட்டால் பின்வாங்கும், அதனால் அடியில் பேப்பர் விரியுங்கள். பிடிக்கப்போகும் நாளுக்கு முந்திய வாரமே கூட்டைக் கொண்டுபோய், கதவு விழாதபடி கட்டிவைத்து, தினமும் சோற்றை அதன் உள்ளேயே வையுங்கள். கூடு என்பது சாப்பிடுகிற இடம் என்று பழகிவிடும். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் யாரும் எதுவும் போடக் கூடாது. ஒரு வீட்டில் ஓர் அக்கா இரக்கப்பட்டு ஒரு பிடி சோறு போட்டால் அன்றைய வேலை கெட்டுவிடும், ஆகவே எல்லாக் காம்பிராவுக்கும் நேரில் போய்ச் சொல்லுங்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் போன பிறகு கூட்டை வையுங்கள். டின்மீன் எண்ணெயை வாசலிலிருந்து துளித்துளியாக விட்டு, மீன் துண்டைத் தட்டுக்கு அப்பால், கடைசியில் வையுங்கள். வறுத்த நெத்தலிக் கருவாட்டுக்கும் மயங்கும்.

கதவு விழுந்ததும் பூனை கூட்டைத் தலையால் மோதும். உடனே ஒரு தடித்த துணியால், பழைய படங்கு இருந்தாலும் பரவாயில்லை, கூட்டை முழுக்க மூடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். கூட்டுக்கு ஒரு பூனைதான். கையால் எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றப் பார்க்காதீர்கள். பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், காயம் சீழ் பிடிக்கும், விசர்நோய்ப் பயமும் இருக்கிறது. சாக்கு வேண்டவே வேண்டாம், மூச்சு முட்டும். வைத்த கூட்டை விட்டுவிட்டுப் போய்ப் படுக்கவும் கூடாது. மழை வரலாம், நாய் வரலாம், நம் மலையில் சிறுத்தையும் வரலாம். தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்து, விழுந்த கூட்டை உடனே எடுத்துவிட வேண்டும். பிடித்த பிறகு வளர்ந்த பூனைக்கு அன்றிரவு தீனி கிடையாது, தண்ணீர் கொடுக்கலாம். குட்டியை அத்தனை நேரம் பட்டினி போடக் கூடாது, எத்தனை மணித்தியாலம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வைத்தியரிடம் மூன்று விசயத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். கரைகிற நூலால் தைக்க வேண்டும், இந்தப் பூனையைத் தையல் பிரிக்க மறுபடி பிடிக்க முடியாது. மயக்கத்தில் இருக்கும்போதே விசர்நோய்த் தடுப்பூசி போட வேண்டும். இடது காதின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவு நேராக வெட்டிவிட வேண்டும். காதை வெட்டுவதா என்று நம் ஆட்கள் பதறுவார்கள். மயக்கத்தில் செய்வதால் வலி தெரியாது, சீக்கிரம் ஆறிவிடும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த தடவை அதே பெட்டையைப் பிடித்து, மயக்கம் கொடுத்து, வயிற்றைக் கீறிப் பார்த்த பிறகுதான் ஏற்கெனவே செய்தது என்று தெரியவரும். கிழிந்த காதும் வெட்டிய காதும் வேறுவேறாகத் தெரியத்தான் நேர்கோட்டில் வெட்டுகிறார்கள்.

அப்புறம் குளிர். கீழ்நாட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் சொல்லும் முறைகளில் இது மட்டும் நமக்குப் போதாது. மயக்கம் தெளிகிற பூனையால் உடம்புச் சூட்டைத் தக்கவைக்க முடியாது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி ராத்திரியில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும், சில விடியல்களில் புல்லில் உறைபனி கிடக்கும். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) சிமெந்துத் தரையில் கூட்டை வைத்தால் காலையில் பூனை செத்துக் கிடக்கலாம். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தும் ராத்திரிக் குளிரில் போன பூனைகள் உண்டு. கூட்டைப் பலகை மேலே வையுங்கள். அடியில் காட்போட், அதன் மேல் கனமாகப் பேப்பர். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் வையுங்கள், சூடு கூடினால் மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். குசினி கதகதப்பாக இருக்கும், ஆனால் விறகுப் புகை மண்டுகிற நேரத்தில் அங்கே வைக்காதீர்கள். காற்றுப் போகக் கொஞ்சம் இடம் விட்டுக் கூட்டை மூடிவையுங்கள். நன்றாகத் தெளிந்து தலை நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு கொஞ்சமாகத் தீனி கொடுங்கள். கடுவனை மறுநாள் காலையில் விடலாம். பெட்டையை ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை வைத்துப் பாருங்கள். இரத்தம் சொட்டினாலோ, பல் முரசு வெளிறினாலோ, நேரம் போயும் எழும்பாவிட்டாலோ காத்திருக்காமல் வைத்தியருக்குப் போன் எடுங்கள்.

வலிக்கும் என்று பெனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு, அரைக் குளிசையே கொல்லும். டெட்டோல் போட்டுக் காயத்தைக் கழுவுவதும் அப்படித்தான். நாய்க்கு உண்ணி மருந்து என்று விற்பதில் பெர்மெத்ரின் இருந்தால் அதையும் பூனை மேல் போடக் கூடாது. காயத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம்.

பிடித்த அதே இடத்தில்தான் விட வேண்டும். வெயில் வந்த பிறகு, கதவைப் பாதைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஓடிப்போய் ஓரிரண்டு நாள் காணாமலிருக்கும், பிறகு சோற்று நேரத்துக்கு வந்துவிடும். கருத்தடை செய்த கடுவனுக்குள் சில வாரங்களுக்கு விந்து மிஞ்சியிருக்கும், அந்த நேரத்தில் ஒரு பெட்டை சினையானால் சிகிச்சை பிழைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பால் கொடுக்கிற தாயைப் பிடித்துவிட்டால் பயப்பட வேண்டாம். விலாப்பக்கம் கீறிச் செய்யும் முறை இருக்கிறது, முலைக்கு இடைஞ்சல் இல்லை, பாலும் நின்றுபோகாது. நன்றாகத் தெளிந்ததும் அன்றே குட்டிகளிடம் விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். குட்டிகளைக் கண்டதும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பூனை ஏழு இடம் மாற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வது சும்மா இல்லை, தாய் அடுத்த குட்டியைத் தூக்க வந்துகொண்டிருக்கலாம். சில மணித்தியாலம் தள்ளி நின்று பாருங்கள். குட்டி மனுசரிடம் பழகுகிற காலம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அதற்குள் தினமும் கையில் எடுத்துப் பழக்கினால் வீட்டுப் பூனையாகும். மூன்று மாதம் தாண்டிய, சீறுகிற குட்டியை வீட்டில் அடைத்து வளர்ப்பது அதற்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம், அதைக் கருத்தடை செய்து வெளியிலேயே விடுங்கள். எட்டு வாரமாகி ஒரு கிலோ எடை வந்தால் சத்திரசிகிச்சையைத் தாங்கும், பல வைத்தியர்கள் செய்கிறார்கள். குட்டியை யாருக்காவது கொடுக்கும்போது, பெட்டையாக இருந்தால் கருத்தடை செய்த பிறகே கொடுங்கள். “பிறகு செய்கிறோம்” என்பார்கள், அநேகமாகச் செய்யமாட்டார்கள். மாட்டுப்பால் குட்டிக்கு வயிற்றோட்டம் வரவைக்கும்.

சோறு வைப்பதை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. சோறு வைக்கிறவர்கள்தான் இந்த வேலைக்குக் கை. எந்தப் பூனை புதிது, எது இரண்டு நாளாக வரவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் முறையாக வைக்கச் சொல்லுங்கள். பகலில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், மடுவத்துக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்கும் தள்ளி. அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை அள்ளிவிட வேண்டும். ராத்திரியில் கிடக்கும் சோறு எலியையும் காட்டுப்பன்றியையும் நாய்களையும் இழுக்கும், நாயைத் தேடிச் சிறுத்தை லயத்துக்கே வரும். வெறும் சோறு பூனைக்குப் போதாது, இறைச்சியில் மீனில் இருக்கும் டோரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். மீன் தலை அவித்துப் பிசைந்தால் போதும். பாத்தியைக் கிளறுவதற்கு, நட்ட இடத்தில் கம்பிவலைத் துண்டோ முள்ளுக் கம்போ பரப்பிவிட்டு, தள்ளி ஒரு மூலையில் மணலைக் கொட்டிக் காய்ந்திருக்க விடுங்கள். அநேகமான பூனைகள் அங்கே போய்விடும்.

நல்லதண்ணிப் பக்கத்து ஆட்களுக்கும் இது பொருந்தும் என்பதால் சொல்கிறேன். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் பருவகாலம். கடைகளின் மிச்சத்தில் பூனைகள் கொழுத்துக் குட்டி போடும். கடைகளைப் பிரிக்கிற நேரமும் மழை பிடிக்கிற நேரமும் ஒன்றாக வரும். அங்கே கருத்தடை செய்ய வேண்டியது பருவம் தொடங்குவதற்கு முன்னால்.

இப்போது காட்டு விசயம். என் நிலைப்பாடு பூனைப் பிரியர்கள் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்ல வேண்டும். பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடுவது லயத்துக்கும் டவுனுக்கும் சரி. ஹோட்டன் சமவெளி, ஹக்கலை, நக்கிள்ஸ் மாதிரி இடங்களின் காட்டோரத்தில் கருத்தடை செய்த பூனையையும் விடக் கூடாது. கருத்தடை பிறப்பைத்தான் தடுக்கும், வேட்டையைத் தடுக்காது. மூக்கில் கொம்புள்ள ஓணான் நம் மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. மெதுவாக நகரும், பூனைக்கு விளையாட்டுப் பொருள். இலங்கைச் சீகாரப் பூங்குருவியும் மலைநாட்டு வெள்ளைக்கண்ணியும் அப்படித்தான், இந்த மலை போனால் அவற்றுக்கு வேறு மலை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கிடைக்கும் பூனைக்கு வீடு தேடுங்கள், இல்லாவிட்டால் காட்டிலிருந்து தள்ளிய ஒரு ஸ்டோரிலோ மாட்டுப்பட்டியிலோ சில வாரம் அடைத்து வைத்துப் பழக்கி அங்கேயே இருக்கச் செய்யுங்கள். பூனையை ராத்திரியில் உள்ளே அடைக்கும் பழக்கம் காட்டோர லயங்களுக்கு வந்தால் எவ்வளவோ நல்லது.

கொழுந்து எடுக்கிற அக்காமாரிடம் இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். தேயிலைச் செடிக்குக் கீழே கிடக்கும் குட்டி எல்லாமே வீட்டுப் பூனைக் குட்டி இல்லை. உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை இனங்களில் ஒன்று நம் மலையில் இருக்கிறது. சாம்பல் உடம்பில் துருநிறப் புள்ளிகள் வரிசையாக ஓடும், நெற்றியில் வெள்ளைக் கோடு, சிறிய வட்டக் காது, வாலில் புள்ளி தெரியாது. ஓடைகளை ஒட்டி மீன்பிடிப் பூனையும் உண்டு, கட்டையான உடம்பு, கட்டை வால், கறுப்புப் புள்ளி. இரண்டும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. சந்தேகமாக இருந்தால் தொடாமல் அந்தச் செடியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போகச் சொல்லுங்கள், ராத்திரியில் தாய் வந்து தூக்கிக்கொண்டு போகும். மறுநாளும் கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

கடி, கீறல் பற்றி ஒன்றைக் கண்டிப்பாக எல்லாருக்கும் சொல்லுங்கள். விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனைக்கடியாலும் வரும், வந்தபின் காப்பாற்ற முடியாது. கடித்தாலோ இரத்தம் வரக் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். பூனை செத்ததா பிழைத்ததா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது.

கருத்தடை செய்வது பாவமில்லையா என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். குட்டி பெறுகிற உரிமையைப் பறிக்கிறோமே என்கிற அவருடைய இரக்கம் உண்மையானது, மதித்துப் பேசுங்கள். ஓர் ஈற்றில் நாலு குட்டி பிறந்து, ஒன்றை நாய் கவ்வி, ஒன்று குளிரில் விறைத்து, ஒன்று கண் அழுகி, மிஞ்சிய ஒன்று ஐந்தாம் மாதத்தில் தானே சினையாவதைத்தான் அவரும் தினமும் பார்க்கிறார். அந்தத் தாய்ப்பூனை ஓயாமல் பெற்றுப் பால்கொடுத்து எலும்பும் தோலுமாகத் திரிவதையும் பார்க்கிறார். அதை ஒரு தடவை பிடித்து, ஒரு நாள் வலியோடு அந்தச் சுழலிலிருந்து எடுத்துவிடுவதை நான் தருமமாகத்தான் நினைக்கிறேன்.

முதல் சுற்று முடிந்ததோடு வேலை முடியாது. கொப்பியைப் பிள்ளைமடுவத்து ஆயா மாதிரி எல்லாரும் வந்துபோகிற ஓர் ஆளிடம் கொடுத்துவையுங்கள். காது வெட்டாத பூனை ஒன்று புதிதாகத் தெரிந்தால் தேதியோடு எழுதட்டும். ஒரு மாதத்துக்குள் அதைப் பிடித்தால் ஒரு பூனைதான், நாலு மாதம் விட்டால் ஐந்தாறு. ஒரு கூட்டை விற்காமல் கொடுக்காமல் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் கொடுத்தால் பெயரையும் திருப்பித் தரும் நாளையும் அதே கொப்பியில் எழுதிவிடுங்கள். கணக்கெடுத்து முடித்ததும் எத்தனை பெட்டை, அதில் எத்தனை பால் கொடுக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், எதை முதலில் பிடிப்பது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.